கிளாசிக்கல் கட்டடக்கலையின் விகிதங்களை யாரிடம் கற்கத் தொடங்குவது? விட்ருவியஸ், விக்னோலா, பல்லாடியோ, கிப்ஸ், அளவு நாடா: ஓர் ஒப்பீடு

கிரேக்கத்திலும் ரோமிலும் உருவாகி, மறுமலர்ச்சிக் கால இத்தாலி வழியாக உலகெங்கும் பரவிய கட்டடக்கலை மரபைத்தான் கிளாசிக்கல் என்கிறோம். அதன் விகிதங்களைக் கற்க விரும்பிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூல நூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கைந்தை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஓர் அயனிக் தூணை வரையப் போனால், தூணுக்கு மேலே வரும் கட்டு தூண் உயரத்தில் நாலில் ஒரு பங்கு என்கிறது ஒரு நூல். ஐந்தில் ஒரு பங்கு என்கிறது இன்னொன்று. கொரிந்தியத் தூண் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு என்கிறார் ஒருவர். ஒன்பதரை மடங்கு போதும் என்கிறார் மற்றவர். எது சரி என்று தேடுவதிலேயே ஆர்வம் வடிந்துவிடுகிறது.

எல்லாமே சரிதான். ஒவ்வொருவரும் தனக்குள் பொருந்திய முழு முறை ஒன்றைத் தருகிறார். ஒருவருடைய தூணை எடுத்து இன்னொருவருடைய மேற்கட்டை அதன்மேல் வைக்கும்போதுதான் படம் கெடுகிறது. அதனால் முதல் வருடம் யாரோடு போவது என்று தீர்மானிப்பது மிக முக்கியம். ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு கையால் வரைந்து பழகியவர்கள் மட்டுமே இந்த விகிதங்களைத் தமதாக்கிக்கொள்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் கட்டுரை அந்த ஆளைத் தேர்ந்தெடுக்க உதவுவதற்காக.

சில சொற்களை முன்பே சொல்லிவிடுகிறேன். தூண் ஒழுங்குகள் ஐந்து: டஸ்கன், டோரிக், அயனிக், கொரிந்தியன், காம்போசிட். கீழே பீடம், நடுவில் தூண், மேலே மேற்கட்டு. பீடம் இல்லாமலும் வரும். மேற்கட்டு என்பது தூண்களின் தலைமேல் குறுக்காக ஓடும் மூன்று அடுக்கு: உத்தரம் போன்ற ஆர்க்கிட்ரேவ், அதன்மேல் ஃப்ரீஸ் என்ற பட்டை, அதற்கும் மேலே வெளியே நீண்டிருக்கும் கார்னிஸ். எல்லாவற்றையும் அளக்கும் கோல் தூணின் அடி விட்டம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு கேள்விகள் கேட்கிறேன். முதலாவது, கையில் எடுத்த எத்தனை நாளில் ஒரு முழுத் தூணைத் தவறில்லாமல் வரைய முடியும்? இரண்டாவது, "இது ஏன் இப்படி?" என்று கேட்டால் பதில் கிடைக்குமா, அளவு மட்டும்தானா? மூன்றாவது, தூணோடு நின்றுவிடுகிறதா, அறை, முகப்பு, முழுக் கட்டடம் என்று விரிகிறதா? நான்காவது, வெளியே தெரியாத செலவு என்ன? புத்தகம் இலவசம்தான். அலகு மாற்றுவதில் போகும் நேரம், பிழையான ஸ்கேன்களால் வரும் குழப்பம், பின்னாளில் மறக்க வேண்டிய பழக்கங்கள் ஆகியவை இலவசம் இல்லை.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரே கணக்கை இத்தாலியர்களான விக்னோலா, பல்லாடியோ, பிரிட்டனின் கிப்ஸ் ஆகிய மூன்று பேரிடமும் கொடுத்துப் பார்த்தேன். பீடம் இல்லாத, மொத்தம் 5 மீட்டர் உயரமுள்ள ஒரு முகப்பு:

| | விக்னோலா (1562) | பல்லாடியோ (1570) | கிப்ஸ் (1732) |
|---|---|---|---|
| அயனிக்: தூண் உயரம் | 4.00 மீ | 4.17 மீ | 4.17 மீ |
| அயனிக்: மேற்கட்டு | 1.00 மீ | 0.83 மீ | 0.83 மீ |
| அயனிக்: அடி விட்டம் | 44.4 செ.மீ | 46.3 செ.மீ | 46.3 செ.மீ |
| கொரிந்தியன்: தூண் உயரம் | 4.00 மீ | 4.17 மீ | 4.17 மீ |
| கொரிந்தியன்: மேற்கட்டு | 1.00 மீ | 0.83 மீ | 0.83 மீ |
| கொரிந்தியன்: அடி விட்டம் | 40.0 செ.மீ | 43.9 செ.மீ | 41.7 செ.மீ |

விக்னோலாவின் முகப்பில் மேற்கட்டு கனத்து, தூண் ஒடுங்கியிருக்கும். மற்ற இருவரிடமும் தூண் ஓங்கி, மேலே பாரம் குறைந்திருக்கும். 17 சென்டிமீட்டர் வித்தியாசம் தாளில் சின்னதாகத் தெரியும். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கட்டடத்தின் குணமே மாறிவிடும். விட்ருவியஸை இந்த அட்டவணையில் சேர்க்க முடியவில்லை. காரணம், அவர் கோயில் முகப்பை உயரத்திலிருந்து தொடங்குவதே இல்லை.

## விட்ருவியஸ்: வேரிலிருந்து படிப்பவர்களுக்கு

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில், அகஸ்டஸ் பேரரசருக்குச் சமர்ப்பித்து எழுதிய பத்துப் பகுதிகள். பண்டைக் காலத்திலிருந்து முழுமையாக நமக்கு வந்து சேர்ந்திருக்கும் கட்டடக்கலை நூல் இது ஒன்றுதான். விகிதங்கள் மூன்றாம், நான்காம் பகுதிகளில் வருகின்றன. அவற்றை மட்டும் முதலில் படித்தால் போதும்.

இவர் அகலத்திலிருந்து தொடங்குகிறார். ஆறு தூண் முகப்பு வேண்டுமா? மொத்த அகலத்தை 18 பாகமாகப் பிரி. ஒரு பாகம் தூணின் விட்டம். தூண்களுக்கு நடுவே இரண்டேகால் பாகம் இடைவெளி. வாசலுக்கு நேரே உள்ள நடு இடைவெளி மட்டும் மூன்று பாகம். கூட்டிப் பாருங்கள்: தூண்கள் 6, நான்கு இடைவெளிகள் 9, நடுவில் 3. பதினெட்டு வந்துவிடும். நான்கு தூண் என்றால் பதினொன்றரை. மனை அகலம் முன்கூட்டியே முடிவாகிவிடும் இடத்தில் இந்த முறை எவ்வளவு வசதி என்று வரைந்து பார்த்தால் தெரியும்.

தூணின் தண்டுக்கு அடியில் வருவது அடிக்கட்டு; அதில் அட்டிக் என்ற வகையை அவர் சொல்கிறார், அதையும் ஒருமுறை வரைந்து பாருங்கள். தூண் விட்டம் 24 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடிக்கட்டின் உயரம் அதில் பாதி, 12. விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கான 8 மேல் பகுதிக்கு. மீதி 4 அடியில் இருக்கும் சதுரப் பலகைக்கு. அந்த 8-ஐ நான்காகப் பிரித்தால், ஒரு பாகமான 2 மேல் உருளைக்கு. மீதி 6-ஐச் சரிபாதியாக்கி, 3 கீழ் உருளைக்கு, 3 நடுவில் உள்ள குழிவுக்கும் அதன் மெல்லிய விளிம்புகளுக்கும். பலகை 4, தடித்த உருளை 3, குழிவு 3, மெல்லிய உருளை 2 என்று மேலே போகப் போக இலேசாகிறது. நாலு வாக்கியத்தில் இவ்வளவு. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த அடிக்கட்டை வரைந்துகொண்டே இருக்கிறார்கள்.

"ஏன்" என்ற கேள்விக்கு இவரைப் போலப் பதில் சொல்பவர் இல்லை. உயரமான தூணின் மேல்முனை தூரத்தில் இருப்பதால் கண்ணுக்கு ஏற்கனவே ஒடுங்கித் தெரியும்; ஆகவே உயரம் கூடக் கூட, தூணை மேலே ஒடுக்கும் அளவைக் குறைத்துக்கொள் என்கிறார். 15 அடிவரை உள்ள தூணின் மேல் விட்டம் அடி விட்டத்தில் ஆறில் ஐந்து. 40 முதல் 50 அடித் தூணுக்கு எட்டில் ஏழு. ஆர்க்கிட்ரேவும் அப்படியே, உயரத்தோடு தடிமன் ஏறுகிறது. விகிதம் என்பது மாறாத எண், அதைப் பார்க்கும் கண் ஒரு பொருட்டில்லை என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு இந்த இரண்டு இடங்களும் பெரிய திறப்பு.

டோரிக் ஒழுங்கின் மூலைச் சிக்கலையும் இவரிடம்தான் படிக்க வேண்டும். ஃப்ரீஸில் மூன்று கோடுகள் செதுக்கிய டிரைகிளிஃப் கட்டைகள் தூணின் மையத்துக்கு நேர்மேலே வர வேண்டும். கடைசிக் கட்டை மூலையின் விளிம்பிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்காது. கிரேக்கர்கள் மூலைத் தூணை உள்ளே நகர்த்தினார்கள். ஏதென்ஸில் உள்ள பார்த்தினான் கோயிலில் கடைசி இடைவெளி குறுகியிருப்பது இதனால்தான். விட்ருவியஸ் கட்டையைத் தூணின் மையத்திலேயே நிறுத்தி, கட்டைகளுக்கு நடுவே வரும் கட்டத்தில் பாதியை மூலையில் காலியாக விட்டுவிடச் சொல்கிறார். பழைய கட்டடக் கலைஞர்கள் சிலர் இந்தத் தொல்லையாலேயே கோயிலுக்கு டோரிக் ஆகாது என்று ஒதுக்கியதாகவும் எழுதுகிறார்.

மறைந்திருக்கும் செலவு: அவர் வரைந்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1511-இல் ஃப்ரா ஜொகொண்டோ பதிப்பித்ததில் தொடங்கி, நீங்கள் பார்க்கும் படங்கள் எல்லாம் பின்னால் வந்தவர்களின் ஊகம். பதிப்புக்குப் பதிப்பு மாறும். சில இடங்களில் மூலப் பாடமே தெளிவாக இல்லை. அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். முதல் நூலாக இதை எடுப்பவர்கள் பலர் ஒரு தூண்கூட வரையாமலே மூடிவைக்கிறார்கள். வரலாறு, தொல்லியல், மெய்யியல் பக்கமிருந்து வருபவர்களுக்கு இது முதல் நூல். மற்ற எல்லோருக்கும் இரண்டாவது.

## விக்னோலா: கையைப் பழக்க

ஜியாகோமோ பரோஸி, ஊர்ப் பெயரால் விக்னோலா, 1562-இல் ஐந்து ஒழுங்குகளுக்கான விதியைச் செப்புத் தகட்டுப் படங்களாகவே வெளியிட்டார். எழுத்து மிகக் குறைவு. படத்தைப் பார், எண்ணைப் படி, வரை. சங்கீதத்தில் சரளி வரிசை எதற்கோ, கிளாசிக்கல் வரைகலையில் விக்னோலா அதற்கு.

இவரது விதி மனதில் எளிதாக நிற்கும். பீடம் தூணில் மூன்றில் ஒரு பங்கு, மேற்கட்டு நாலில் ஒரு பங்கு. ஐந்து ஒழுங்குக்கும் இதேதான். மொத்த உயரத்தை 19 பாகமாக்கினால் பீடத்துக்கு 4, தூணுக்கு 12, மேற்கட்டுக்கு 3. பீடம் வேண்டாம் என்றால் ஐந்து பாகம்: நாலு தூண், ஒன்று மேற்கட்டு. பிறகு தூணின் உயரத்தை ஒழுங்குக்கு ஏற்ப மாடியூல்களாகப் பிரிக்க வேண்டும். மாடியூல் என்பது அடி விட்டத்தில் பாதி. டஸ்கன் 14, டோரிக் 16, அயனிக் 18, கொரிந்தியனும் காம்போசிட்டும் 20. இந்த ஒரு வரி மனப்பாடமாகிவிட்டால் எந்த உயரத்துக்கும் தூண் தடிமனை நின்ற இடத்தில் சொல்லிவிடலாம்.

டஸ்கனில் தொடங்குங்கள். அடிக்கட்டு 1 மாடியூல், தண்டு 12, தலை 1. மேற்கட்டு மூன்றரை. ஓர் ஏ2 தாள், டி-ஸ்கொயர், கவராயம், 2எச் பென்சில் இருந்தால் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். அடுத்தது டோரிக், அதற்கு முன்மாதிரியாக ரோமில் உள்ள மார்செல்லஸ் அரங்கைத் தான் எடுத்துக்கொண்டதாக அவரே சொல்கிறார். அயனிக்கின் சுருளை வரையும்போது பொறுமை சோதிக்கப்படும். அங்கே அவசரப்படாதீர்கள்.

கணக்குச் சுமை இருக்கிறது. டஸ்கனிலும் டோரிக்கிலும் மாடியூலை 12 பாகமாக்குகிறார். மற்ற மூன்றிலும் 18. இடையில் மாற மறந்தால் மோல்டிங் என்ற விளிம்பு வரிகள் எல்லாம் தடித்துப்போகும். இன்னொன்று ஸ்கேன் பிரச்சினை. இவரது நூல் பல நாடுகளில், பல மொழிகளில், ஒவ்வொருவர் கைவண்ணமும் சேர்ந்து மறுபதிப்பானது. "விக்னோலா" என்று தேடினால் வருவதில் பாதி, பிற்காலத்தவர் திருத்தி எழுதிய பாடநூல்கள். தாள் சுருங்கிய பழைய பிரதிகளில் படத்தின் மேல் நேரடியாக அளவு எடுக்கவும் கூடாது. அச்சிட்ட எண்ணை மட்டும் நம்புங்கள்.

பெரிய செலவு வேறு. இவரிடம் "ஏன்" கிடையாது. தூணை விட்டு வெளியேயும் போகமாட்டார். அளவைக் கட்டடத்தின் உயரத்துக்கும் பார்க்கும் தூரத்துக்கும் ஏற்ப மாற்ற வேண்டும் என்ற விட்ருவியஸின் எச்சரிக்கை இந்தப் படங்களில் இல்லை. இவரோடு மட்டும் நீண்ட நாள் இருந்தவர்கள் சிறு திண்ணைக்கும் பெரிய மண்டபத்துக்கும் ஒரே எண்களைப் போட்டு வரைவதைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் இவரோடு இருந்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவது நல்லது.

## பல்லாடியோ: தூணிலிருந்து வீட்டுக்கு

பாதுவாவில் கல் தச்சராகத் தொடங்கி, விசென்சாவிலும் வெனிஸிலும் கட்டியவர். 1556-இல் தானியேலே பார்பரோ வெளியிட்ட விட்ருவியஸ் பதிப்புக்குப் படம் வரைந்தார். 1570-இல் தன் நான்கு நூல்களை வெளியிட்டார். முதல் நூலில் ஒழுங்குகளும் அறைகளும், இரண்டாவதில் வீடுகள், மூன்றாவதில் சாலை, பாலம், பொதுக் கட்டடங்கள், நான்காவதில் கோயில்கள். பழைய ரோமானியக் கட்டடங்களைத் தானே அளந்து வரைந்தவர் என்பதால் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டுபவரின் குரல் கேட்கும்.

தூணுக்கு மட்டும் என்றால் இவரிடம் வர வேண்டியதில்லை. அறைக்காக வாருங்கள். அழகாக அமையும் அறை வடிவங்கள் ஏழு என்கிறார்: வட்டம், சதுரம், சதுரத்தின் மூலைவிட்டத்தை நீளமாகக் கொண்டது, 3:4, 2:3, 3:5, 1:2. கூரை தட்டையாக இருந்தால் உயரம் அகலத்துக்குச் சமம். வளைவுக் கூரை என்றால் மூன்று வழி. 6 அடி அகலம், 12 அடி நீளம் உள்ள அறைக்கு ஒரு வழியில் கூட்டிப் பாதியாக்கினால் உயரம் 9. இன்னொரு வழியில் இசைச் சராசரி (இரண்டையும் பெருக்கி, இரட்டித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது) எடுத்தால் 8. மூன்றாவது பெருக்குச் சராசரி, அதாவது இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. 4-க்கு 9 அறையில் அது 6 என்று சுத்தமாக வரும். எந்த வழியை எடுப்பது என்பதை, பக்கத்து அறைகளின் கூரை ஒரே மட்டத்தில் வர வேண்டுமா என்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம். மூன்று வழி இருப்பதன் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். நீளம் வேறு வேறாக உள்ள அறைகளை ஒரே தளத்துக்குக் கீழே அடக்க அவை உதவுகின்றன.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் எந்தப் பழைய கட்டடத்தின் மேலும் 1.618 என்ற பொன் விகிதச் சுருளைப் போட்டுப் படம் வருகிறது. பல்லாடியோவின் ஏழு வடிவங்களில் அது இல்லை. விட்ருவியஸிலும் இல்லை. பார்த்தினானில் திரும்பத் திரும்ப வருவது 4:9 என்ற முழு எண் விகிதம்: மேடையின் அகலத்துக்கும் நீளத்துக்கும் நடுவில், தூண் விட்டத்துக்கும் தூண் மையங்களின் தூரத்துக்கும் நடுவில். சின்ன முழு எண்களைக் கொண்டு யோசித்த மரபு இது. அந்தச் சுருளில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பல்லாடியோவின் மாடியூல் முழு விட்டம், 60 நிமிடங்களாகப் பிரித்தது. டோரிக்கில் மட்டும் அரை விட்டம், 30 நிமிடம். விக்னோலாவிலிருந்து நேராக இங்கே வருபவர்கள் முதல் வாரம் தடுமாறுவது இதனால்தான். படங்களில் உள்ள எண்கள் விசென்சா அடியில். ஏறக்குறைய 35 செ.மீ. நம் அடி என்று நினைத்துப் போட்டால் வில்லா சுருங்கிவிடும். கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: நூலில் அச்சான அளவும் தரையில் நிற்கும் கட்டடத்தின் அளவும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. கட்டி முடித்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, தான் விரும்பிய வடிவத்தில் வரைந்து வெளியிட்டிருக்கிறார். இதைக் குறையாகப் பார்க்காமல், ஒரு கட்டடக் கலைஞர் தன் வேலையையே எப்படித் திருத்திப் பார்த்தார் என்று படித்தால் நிறையக் கிடைக்கும். ஆனால் ஆய்வுக்காக அளவு வேண்டுபவர்கள் நூலை மட்டும் நம்பக்கூடாது. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் ஐசக் வேர் 1738-இல் கொண்டுவந்த மொழிபெயர்ப்பை எடுக்கலாம்.

## ஜேம்ஸ் கிப்ஸ்: கணக்குக்குப் பயப்படுபவர்களுக்கு, சென்னைவாசிகளுக்கு

அபர்தீன் பக்கத்தில் பிறந்து, ரோமில் கார்லோ ஃபொன்தானாவிடம் பயின்று, லண்டனில் வேலை பார்த்தவர். மாடியூல், நிமிடம், பின்னம் எல்லாம் வேலைக்காரர்களைக் குழப்புகின்றன என்று, 1732-இல் வேறு வழி ஒன்றை வெளியிட்டார்: சமபாகமாகப் பிரித்துக்கொண்டே போ.

மொத்த உயரத்தை ஐந்தாகப் பிரி. கீழே ஒன்று பீடம். மீதி நாலு பாகத்தையும் ஒரே கோடாக எடுத்துக்கொள். டஸ்கன், டோரிக் என்றால் அதை ஐந்தாகப் பிரித்து மேலே ஒன்றை மேற்கட்டுக்கு விடு. அயனிக், கொரிந்தியன், காம்போசிட் என்றால் ஆறாகப் பிரி. மீதி தூண். அதை ஏழாக, எட்டாக, ஒன்பதாக, பத்தாகப் பிரித்தால் விட்டம் வந்துவிடும். ஒவ்வொரு மோல்டிங்கும் இப்படியே. கையில் ஒரு டிவைடர் (இரண்டு முனையும் கூரான கவராயம்) இருந்தால் ஓர் எண்ணைக்கூட எழுதாமல் முழு ஒழுங்கையும் வரைந்துவிடலாம்.

25 அடி உயர டஸ்கன்: பீடம் 5, மேற்கட்டு 4, தூண் 16. இதையே விக்னோலாவிடம் கொடுத்தால் 25-ஐ 19-ஆல் வகுக்க வேண்டும், பீடம் 5.26 அடி. கட்டுமான இடத்தில் மேஸ்திரியிடம் சொல்வதற்கு எது தோது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டை ஏழாகப் பிரிக்கவும் கால்குலேட்டர் வேண்டாம். இரண்டு இணைக்கோடுகளுக்கு நடுவே அளவுகோலைச் சாய்த்து வைத்து, 0 ஒரு கோட்டிலும் 7 மறு கோட்டிலும் படும்படி திருப்பி, நடுவில் புள்ளி வைத்தால் முடிந்தது.

சென்னைக்காரர்களுக்கு இவரை நான் தனியாகப் பரிந்துரைக்கக் காரணம் இருக்கிறது. லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயம் இவருடையது. அதற்கு முதலில் வட்ட வடிவத்தில் திட்டம் வரைந்தார். செலவு அதிகம் என்று ஏற்கப்படவில்லை. அந்த வட்டத் திட்டங்களை 1728-இல் தன் படத் தொகுப்பில் வெளியிட்டார். எழும்பூரில் டி ஹேவிலண்ட் கட்டி 1821-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் (ஸ்காட்லாந்துத் திருச்சபையின் தேவாலயம்), வட்ட மண்டபமும் முன்னே தூண் முகப்பும் கோபுரமுமாக அந்த மரபில் வந்தது. செயின்ட் மார்ட்டினின் முகப்பு கொரிந்தியன். எழும்பூரில் வெளியே அயனிக். உள்ளே நீல நிறக் குவிமாடத்தைத் தாங்குபவை 16 கொரிந்தியத் தூண்கள். புத்தகம் ஒன்று, கட்டடம் ஒன்று, இரண்டையும் ஒரே மாலையில் ஒப்பிடும் வாய்ப்பு ஊருக்குள்ளேயே இருக்கிறது.

குறைகள்: காரணம் சொல்வதில்லை; விக்னோலாவாவது எந்தப் பழைய கட்டடத்திலிருந்து எடுத்தேன் என்கிறார். பிரித்துப் பிரித்து வரைவதால், எண்ணாகக் கேட்டால் பதில் வராது; கணினியில் மாடல் செய்பவர்கள் ஒவ்வொன்றையும் தாங்களே எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். டிவைடரில் சிறு பிசகு வந்தால் அடுத்தடுத்த பிரிவுகளில் அது பெருகிக்கொண்டே போகும், அதனால் பெரிய தாளில் வரைவது அவசியம்.

## அளவு நாடாவோடு கட்டடத்திடம் போவது

புத்தகமே வேண்டாம், நேரில் அளந்து கற்கிறேன் என்பவர்களும் உண்டு. பல்லாடியோவும் அப்படித்தான் கற்றார். தனியாக இது ஒரு வழி ஆகாது என்பது என் கருத்து. என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாதவர் கையில் நீண்ட எண் பட்டியல்தான் மிஞ்சும். ஆனால் மேலே சொன்ன நால்வரில் எவரைப் பிடித்தாலும், மூன்றாவது மாதத்திலிருந்து இதைச் சேர்த்தே ஆக வேண்டும்.

அடிக்கட்டுக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றிச் சுற்றளவை எடுத்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம். பிறகு அடிக்கட்டின் ஒவ்வோர் அடுக்கையும் அளந்து, விட்ருவியஸின் 4, 3, 3, 2-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே விலகுகிறது, எவ்வளவு விலகுகிறது என்று எழுதுங்கள். தூண் உயரத்தை நிழலை வைத்தோ லேசர் மீட்டரை வைத்தோ எடுக்கலாம். சென்னையின் பழைய தூண்களில் பெரும்பாலானவை செங்கல் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி, பளிங்கு போல மெருகேற்றியவை. பல தலைமுறைப் பூச்சும் பெயிண்டும் ஏறியிருப்பதால் மெல்லிய விளிம்புகள் மழுங்கி, உருளைகள் பருத்திருக்கும். ஒரு தூணை மட்டும் அளந்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

கர்க்கும், 1802-இல் கோல்டிங்காம் கட்டி முடித்த ராஜாஜி மண்டபமும், கதீட்ரல் சாலையில் உள்ள செயின்ட் ஜார்ஜ் பேராலயமும் இதற்கு ஏற்றவை. எங்கேயும் முன் அனுமதி வாங்க வேண்டும். வழிபாட்டு நேரத்தைத் தவிர்க்க வேண்டும். உயரத்தில் இருக்கும் கார்னிஸை அளக்க வழி இல்லை. அங்கே புகைப்படம் எடுத்து விட்டத்தோடு ஒப்பிட்டு ஊகிக்கலாம். ஆனால் கீழிருந்து எடுக்கும் படத்தில் கார்னிஸின் அடிப்புறம் பெரிதாகவும் முகம் குறுகியும் விழும் என்பதை மறக்கக்கூடாது.

## வெளிநாட்டுப் பாடநெறிகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி இந்த மரபைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. மாணவர்கள் ரோமிலும் தங்கிப் படிக்கிறார்கள். நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு நிறுவனம் குறுகிய வகுப்புகள் நடத்துகிறது. திருத்தம் சொல்ல ஓர் ஆசிரியர் கிடைப்பதுதான் இவற்றின் பெரும் பலன். புத்தகம் உங்கள் கோட்டைப் பார்த்து "இந்த உருளை உப்பிவிட்டது" என்று சொல்லாது. ஆனால் கட்டணம், தங்கும் செலவு, விசா எல்லாம் சேர்ந்தால் பெரும் தொகை. தொழிலாகவே எடுக்கப்போகிறவர்களுக்கு மட்டும் பொருந்தும். போவதற்கு முன் ஐந்து ஒழுங்குகளையும் கையால் வரைந்து முடித்திருந்தால் அங்கே செலவழிக்கும் பணம் முழுதாகப் பயன்படும்.

## யாருக்கு எது

ஆர்க்கிடெக்சர் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் விக்னோலாவில் தொடங்கட்டும். டஸ்கன், டோரிக், அயனிக் மூன்றும் முடிந்ததும் நேராகப் பல்லாடியோவின் இரண்டாம் நூல். ஒரு வில்லாவின் தரைப்படத்தை எடுத்து, ஏழு வடிவங்களில் எவை வந்திருக்கின்றன என்று நிறம் தீட்டிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

வேலைக்கு நடுவே வாரத்தில் ஒரு மாலை மட்டும் கிடைப்பவருக்கு, கணக்கில் பிரியம் இல்லாதவருக்கு, கிப்ஸ். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இவரையே சொல்வேன்.

விளையாட்டு, அனிமேஷன் துறையில் முப்பரிமாண மாடல் செய்பவருக்கு விக்னோலா. எண்கள் அப்படியே மென்பொருளில் போகும். ஒரு மாடியூலை மாறியாக வைத்துவிட்டால் மொத்தத் தூணும் அதோடு சேர்ந்து அளவு மாறும். ஆனால் கதை பண்டைய ஏதென்ஸில் நடக்கிறது என்றால் இந்த நால்வரில் எவரும் உதவமாட்டார்கள். கிரேக்க டோரிக்கிற்கு அடிக்கட்டே கிடையாது. பார்த்தினான் தூண் விட்டத்தைப் போல ஐந்தரை மடங்கு உயரம்தான். விக்னோலாவின் எட்டு மடங்கை அங்கே வைத்தால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். 1762-இல் ஸ்டூவர்ட்டும் ரெவட்டும் ஏதென்ஸை அளந்து வெளியிடத் தொடங்கிய படங்களைத் தேடுங்கள்.

வரலாறு படிப்பவர், வழிகாட்டியாக இருப்பவர், எழுத்தாளர்: விட்ருவியஸின் மூன்றாம், நான்காம் பகுதிகள். கூடவே அந்த அட்டிக் அடிக்கட்டை மட்டுமாவது வரைந்துவிடுங்கள்.

வீட்டு முகப்பில் தூண் வைக்க நினைப்பவர் எதையும் முழுதாகப் படிக்க வேண்டாம்; கிப்ஸின் டஸ்கன் பக்கம் ஒன்று போதும். நம் ஊரில் 10 அடி உயரத்துக்கு 9 அங்குல கான்கிரீட் தூண் எழுப்பி, அதன்மேல் கடையில் வாங்கிய கொரிந்தியத் தலையைப் பொருத்துகிறார்கள். உயரம் விட்டத்தைப் போலப் பதின்மூன்று மடங்குக்கு மேல் போய்விடுகிறது. மிக ஒல்லியான ஒழுங்குக்கே பத்துதான் எல்லை. 10 அடி டஸ்கன் தூணுக்கு 17 அங்குல விட்டம் வேண்டும். உள்ளே கம்பி கட்டும் தூண் 9 அங்குலமாகவே இருக்கட்டும், சுற்றிலும் செங்கல் வைத்துப் பூசி 17-க்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவ்வளவு இடம் இல்லை என்றால் தூண்களின் எண்ணிக்கையைக் குறைத்து, இருக்கும் இரண்டைத் தடிமனாக்குங்கள். தலையில் இலைவேலை எல்லாம் தேவையில்லை. மிச்சமாகும் பணத்தில் கார்னிஸை மேற்கட்டின் அளவுக்குத் தக்கபடி வெளியே நீட்டி, அடியில் நீர் சொட்டும் பள்ளம் ஒன்று விட்டால், மழைத் தண்ணீர் சுவரில் வழியாது.